பிழையான விடையிலிருந்து ஆய்வுக்கு: கணக்குப் பாடத்தை ஆராயத் தொடங்கும் ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஒரு சிறுமியின் கழித்தல் பக்கத்தில் என் பேனா நின்றுவிட்டது. 52-இல் 27 போனால் 35, 81-இல் 46 போனால் 45, 60-இல் 23 போனால் 43 என்று எழுதியிருந்தாள். 68-இல் 24 போனால் 44 என்ற ஒன்றை மட்டும் சரியாகப் போட்டிருந்தாள். மூன்று தவறு, ஒன்று சரி என்று சிவப்பு மையில் குறித்துவிட்டு அடுத்த நோட்டை எடுப்பதுதான் எங்கள் வழக்கம். அன்று அவளை அருகில் அழைத்து, "இதை எப்படிப் போட்டே கண்ணு, எனக்குச் சொல்லிக்குடு" என்றேன். "பெருசுல இருந்து சின்னதத்தானுங்க சார் கழிக்கோணும்? ஏழுல ரண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரண்டு போனா மூணு" என்றாள்.

அந்த விடையில் கவனக்குறைவு எதுவும் இல்லை. பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முந்தைய வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை, அவள் ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் பொருத்தி, தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே ஒழுங்கில் வேலை செய்திருந்தாள். கடன் வாங்கத் தேவையில்லாத நான்காவது கணக்கு அதனாலேயே சரியாக வந்தது. கணக்குக் கற்றல் பற்றிய ஆய்வு என்றால் என்ன என்று கேட்கும் இளைய ஆசிரியர்களுக்கு நான் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறேன். தவறான விடைக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அந்த விதியைக் கண்டுபிடிப்பதும், அது எங்கிருந்து வந்தது என்று அறிவதும், அதை மாற்ற நாம் செய்யும் முயற்சி பலிக்கிறதா என்று நேர்மையாகச் சோதிப்பதும் சேர்ந்ததுதான் இந்த ஆய்வு.

பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள், பி.எட்., எம்.எட். படிப்பவர்கள், மாலை நேர வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்கள் ஆகியோர் ஒரு கல்வியாண்டுக்குள் செய்து முடிக்கக்கூடிய சிறிய ஆய்வுக்கான வழியை இங்கே எழுதுகிறேன். பெரிய ஆய்வகமோ நிதியோ இதற்குத் தேவையில்லை. ஒரு தடித்த நோட்டு, அவசரப்படாத காது, எண்ணிக்கையில் நேர்மை ஆகியவை இருந்தால் போதும்.

முதல் படி: பிழை நோட்டு

தலைப்பைத் தேடித் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரங்களுக்கு, உங்கள் வகுப்பில் வரும் தவறான விடைகளை அப்படியே ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். வினா, குழந்தை எழுதிய விடை, பக்கத்தில் கிறுக்கிய கோடுகள், அழித்துத் திருத்தியிருந்தால் அழிப்பதற்கு முன் இருந்த எண் ஆகிய எல்லாமே பயன்படும். பெயருக்குப் பதிலாக ஒரு குறியீடு போடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், சில பிழைகள் ஒரே குழந்தையிடம் திரும்பத் திரும்ப வருவதும், சில பிழைகள் வகுப்பு முழுவதும் பரவியிருப்பதும், சில ஒருமுறை வந்து மறைந்துவிட்டதும் தெரியும். மறைந்தவற்றை விட்டுவிடலாம், அவை பெரும்பாலும் களைப்பால் வந்தவை. நிலைத்து நிற்கும் பிழைகளே ஆய்வுக்கு உரியவை.

இந்த வழி நான் கண்டுபிடித்ததன்று. 1978-இல் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பகுதி தற்செயலானவை அல்ல, குழந்தை மனத்தில் வைத்திருக்கும் சற்றே கோணலான செய்முறைகளின் விளைவு என்று காட்டினார்கள். என் மாணவி செய்த பிழை அவர்கள் பட்டியலில் முதன்மையானவற்றுள் ஒன்று. அதற்கும் முன்பு 1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர், பென்னி என்ற 12 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். தானாகப் படித்துத் தேர்வு எழுதி முன்னேறும் ஒரு பாடத்திட்டத்தில் அந்தச் சிறுவன் நன்றாகவே முன்னேறிக்கொண்டிருந்தான். ஆசிரியருக்கும் அவன்மேல் குறை இல்லை. உட்கார்ந்து பேசிப் பார்த்தபோதுதான், பத்தில் இரண்டு என்ற பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால், மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டி 12 என்று எடுத்து, நடுவில் புள்ளி வைத்து 1.2 என்று எழுதுகிறான் என்பது வெளிப்பட்டது. ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிய அந்த ஆய்வு அரை நூற்றாண்டு கழித்தும் கணிதக் கல்வி படிப்பவர்களால் படிக்கப்படுகிறது. எண்ணிக்கை குறைவாக இருப்பது ஆய்வின் மதிப்பைக் குறைத்துவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: கேள்வியைச் சிறிதாக்குவது

புதியவர்கள் எழுதிவரும் முதல் தலைப்பு பெரும்பாலும் 'கணிதத்தில் மாணவர்களின் இடர்ப்பாடுகள்' என்பதாகவே இருக்கும். அதற்கு விடை சொல்ல ஒரு வாழ்நாள் போதாது. எந்த வகுப்பு, எந்தக் கருத்து, எந்த வகைப் பிழை, எந்தச் சூழல் என்று நான்கு பக்கமும் வேலி போட்டால்தான் கேள்வி கைக்குள் அடங்கும். நம் ஊர்ப் பள்ளிகளில் செய்யத் தக்கவையாக எனக்குத் தோன்றும் சில கேள்விகளைச் சொல்கிறேன்.

தமிழ் எண்ணுப்பெயர்கள் ஒரு வளமான களம். எண்பது, எண்ணூறு என்பவை ஒழுங்காக வந்து, அதன்பின் தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறும், தொள்ளாயிரம் என்ற சொல்லுக்குள் ஆயிரமும் புகுந்துவிடுகின்றன. தொள்ளாயிரத்து ஐந்து என்று வாயால் சொல்லி எழுதச் சொன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை எத்தனை இலக்கம் எழுதுகிறது? முந்நூற்று ஏழு என்றால் 307 எழுதுகிறதா, காதில் கேட்டபடியே 300-ஐயும் 7-ஐயும் ஒட்டி 3007 எழுதுகிறதா? இத்தாலியக் குழந்தைகளிடம் இந்த இரண்டாவது வகைப் பிழை மிகுதியாக இருந்ததை 1990-இல் பவரும் டல் மார்ட்டெல்லோவும் எழுதியிருக்கிறார்கள். தமிழ்ச் சொல்லமைப்பு நம் குழந்தைகளை எங்கே தாங்குகிறது, எங்கே இடறுகிறது என்று எழுபது எண்களைச் சொல்லிப் பார்த்து எழுதுவது ஒரு ஆசிரியரால் ஒரு மாதத்தில் ஆகக்கூடிய வேலை.

சமக்குறி இன்னொன்று. 8 + 4 = □ + 5 என்ற வினாவை ஐந்தாம், ஆறாம் வகுப்பில் எழுதிப்போட்டுப் பாருங்கள். 1999-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் ஃபால்க்னர், லெவி, கார்ப்பென்டர் ஆகியோர் ஆறாம் வகுப்பில் 145 பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தபோது, ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை. 12 அல்லது 17 என்றே எழுதினார்கள். சமக்குறியை 'இரு பக்கமும் ஒன்று' என்று படிக்காமல் 'விடை இதோ வருகிறது' என்று படிப்பதன் விளைவு அது. எட்டாம் வகுப்பில் சமன்பாடு தடுமாறுவதன் வேர் இங்கே இருக்கலாம் என்பது என் எண்ணம். உங்கள் பள்ளியில் அது உண்மையா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எதிர்விகிதத்தைப் பற்றி ஆராய விரும்புவோருக்குத் தறிப்பட்டறை சூழ்ந்த ஊர்களில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 840 கஜம் நீளமுள்ள நூல் சிட்டா எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அந்த எண்தான் பருத்தி நூலின் நம்பர். ஆகவே 20-ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 16,800 கஜம், 40-ஆம் நம்பர் நூலில் 33,600 கஜம். நம்பர் கூடினால் நூல் மெலிகிறது. சென்னிமலையிலும் பவானியிலும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு 'நம்பர் ஏறினால் நூல் சன்னமாகும்' என்பது பழகிய செய்தி. அந்தப் பழக்கம், 'ஆட்கள் கூடினால் நாட்கள் குறையும்' என்ற பாடநூல் கணக்கில் அவர்களுக்குக் கைகொடுக்கிறதா, இரண்டும் மனத்தில் வேறு வேறு அறைகளில் கிடக்கின்றனவா என்ற கேள்விக்கு விடை தேடுவது மிகப் பயனுள்ளது.

பாட்டிமார் நாவில் இன்னும் இருக்கும் அரைக்கால் என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். காலில் பாதி அரைக்கால், அதிலும் பாதி மாகாணி. எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவதை அந்தச் சொல்லே செய்து காட்டுகிறது. அதைச் சொல்லிக்கொடுத்த வகுப்புக்கும் சொல்லிக்கொடுக்காத வகுப்புக்கும் வேறுபாடு தெரிகிறதா என்று சோதித்தால், அது நல்ல ஆய்வு.

மூன்றாம் படி: முன்னோர் செய்ததைப் படிப்பது, ஆனால் நம் சந்தையை வைத்துப் படிப்பது

முன்பு நடந்த ஆய்வுகளை ஐம்பது படிக்க வேண்டியதில்லை. உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஐந்தாறு ஆய்வுகளை ஆழ்ந்து படித்தால் போதும். எப்படிப் படிப்பது என்பதற்கு ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்கும் 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம் டெரெசினா கேரஹர், டேவிட் கேரஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் செய்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. ஆய்வாளர்கள் வாங்குபவர்களாகப் போய், இத்தனை தேங்காய் என்ன விலை, இவ்வளவு கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்டார்கள். அப்படிக் கேட்ட 63 கணக்குகளில் 98.2 விழுக்காடு சரியாக வந்தது. பிறகு அதே பிள்ளைகளிடம், அதே வகை எண்களைத் தாளும் பென்சிலும் கொடுத்து வெறும் கூட்டல், பெருக்கல்களாகக் கேட்டபோது 36.8 விழுக்காடுதான் சரி. கதைக்கணக்காகக் கேட்டபோது 73.7. ஒரு தேங்காய் 35 என்றால் 10 தேங்காய் என்ன என்று கேட்டதற்கு, 12 வயதுச் சிறுவன் 35-க்குப் பின்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்க்கவில்லை. மூன்றுக்கு 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, இன்னும் நான்கு வேண்டும் என்று ஏறி 315-க்குப் போய், அங்கிருந்து 350-ஐத் தொட்டான். அதே ஆய்வில் தாளில் 35-ஐ நான்கால் பெருக்கச் சொன்னபோது, ஒரு பிள்ளை கைமாற்றிய இரண்டை முதலில் மூன்றோடு கூட்டிவிட்டுப் பிறகு பெருக்கி 200 என்று எழுதியது. சந்தையில் அந்த விடை வந்திருந்தால் வாங்குபவர் சண்டைக்கு வந்திருப்பார் என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியும். தாளில் அந்த எச்சரிக்கை எழவில்லை.

நம் நாட்டிலும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு செய்த ஆய்வு 2025-இல் நேச்சர் இதழில் வந்தது. சந்தைக் கணக்கை மனத்தில் போடுகிறவர்கள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தைக்கே போகாமல் பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் தாளில் தேறி, சந்தைக் கணக்கில் பின்தங்கினார்கள். பள்ளியும் தெருவும் ஒன்றுக்கொன்று பாலம் போடவில்லை என்பது இரு பக்கமும் உண்மையாயிற்று.

இதைப் படித்துவிட்டு பொள்ளாச்சிப் பிள்ளைகளுக்குத் தேங்காய்க் கணக்கும், நாமக்கல் பிள்ளைகளுக்கு முட்டைக் கணக்கும் கொடுத்தால் போதும் என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நான் அந்தத் தவறைச் செய்தவன். பாடநூலில் இருந்த ஆப்பிளை எடுத்துவிட்டு மஞ்சள் மூட்டையை வைத்தேன். கணக்கின் அமைப்பை மாற்றவில்லை. பிள்ளைகளின் விடைகளும் மாறவில்லை. ரெசிஃபே சிறுவனுக்கு உதவியது தேங்காய் அல்ல, மூன்று மூன்றாக ஏறும் அவனுடைய வழி. அதற்குப் பின்பு, கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சிறுமியிடம் நோட்டை மூடிவைத்துவிட்டு, "உங்கப்பா கடையில ஒருத்தர் 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கிட்டு 52 ரூபாய் குடுத்தா மீதி என்ன குடுப்பே?" என்று கேட்டேன். விரலைக்கூட மடக்காமல், "இருவத்தேழுக்கு மூணு போட்டா முப்பது, அதுக்கு மேல இருவத்திரண்டு, இருவத்தஞ்சுங்க சார்" என்றாள். அவளுக்குத் தெரிந்த அந்த ஏறும் வழியை எண்கோட்டின்மேல் எழுதி, அதையே தாள் கணக்குக்கு அழைத்துவருவதுதான் ஆய்வின் அடுத்த வேலையாயிற்று.

நான்காம் படி: அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. சொந்தப் பள்ளியானால் தலைமையாசிரியரிடமும், வெளிப்பள்ளியானால் மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். பெற்றோருக்கு ஒரு பக்கத்தில் எளிய தமிழில் கடிதம் கொடுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் நேரில் போய்ப் படித்துக் காட்டுங்கள். குழந்தை வேண்டாம் என்றால் அன்றே விட்டுவிட வேண்டும், அதனால் மதிப்பெண் குறையாது என்று குழந்தையிடமே சொல்ல வேண்டும். குரலைப் பதிவு செய்தால் அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். ஊர்ப்பெயர், சாதி, வீட்டு நிலவரம் ஆகியவற்றைக் கேள்விக்குத் தேவை என்றால் ஒழியக் குறிக்காதீர்கள். சிறிய ஊரில் 'தறிக்காரர் மகள், ஐந்தாம் வகுப்பு' என்று எழுதினாலே அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: கேட்பது

ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது, புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். நாம் ஆசிரியர்கள், தவறைக் கண்டால் திருத்தக் கை பரபரக்கும். நேர்காணலின்போது திருத்தக் கூடாது. முகத்திலும் காட்டக் கூடாது. சரியான விடை வந்தாலும் 'எப்படி?' என்று கேட்க வேண்டும். தவறானவற்றுக்கு மட்டும் 'எப்படி?' என்று கேட்டால், அந்தச் சொல்லே 'நீ தவறு' என்பதன் மறுபெயராகிவிடும், மூன்றாவது வினாவிலேயே குழந்தை அழித்து எழுதத் தொடங்கும்.

கதைக்கணக்குகளுக்கு ஆஸ்திரேலிய ஆசிரியர் அன் நியூமன் 1977-இல் வகுத்த ஐந்து கேள்விகள் இன்றும் மிகச் சிறந்த கருவி. அவற்றை நம் பேச்சில் இப்படிக் கேட்கலாம்: இதை எனக்கு வாசித்துக் காட்டு, இதில் என்ன கேட்கிறார்கள் என்று உன் சொல்லில் சொல், என்ன செய்யப் போகிறாய், செய்துகொண்டே எனக்கும் சொல், இப்போது விடையை எழுது. குழந்தை எந்தக் கேள்வியில் முதலில் நிற்கிறதோ அங்கேதான் பிழை பிறந்திருக்கிறது. வாசிப்பு, பொருள் கொள்ளல், கணக்காக மாற்றுதல், செய்முறை, விடை எழுதுதல் என்று ஐந்து கட்டங்களாக உங்கள் பட்டியலில் குறியிடலாம்.

ஒரு வினாவை வைத்துப் பாருங்கள்: 'ராணியிடம் 12 ட்ரே முட்டை இருக்கிறது. அது மீனாவிடம் இருப்பதைவிட 5 ட்ரே அதிகம். மீனாவிடம் எத்தனை ட்ரே?' 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் பல பிள்ளைகள் கூட்டி 17 என்று எழுதுவார்கள். அவர்களுக்குக் கூட்டலும் தெரியும், கழித்தலும் தெரியும். மாற்றும் கட்டத்தில் ஒரு சொல் அவர்களை இழுத்துப்போய்விட்டது. 'அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி' என்று நாம் கொடுத்த குறுக்குவழியே இந்தப் பிழையை வளர்த்திருக்கலாம் என்பதை ஆசிரியர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். சொல்லிக்கொடுத்தவரே ஆராய்பவராக இருக்கும்போது, நம் சொல்லின் விளைவை நாமே பார்க்க நேர்கிறது; அது சங்கடமானது, ஆனாலும் அதைவிட விலைமதிப்புள்ள தகவல் வேறு இல்லை.

நியூமன் முறை நம் பகுதிக்கு இன்னொரு வகையிலும் பொருந்தும். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்வழி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் கொங்கு நாடெங்கும் பல தலைமுறைகளாக இருக்கின்றன. அப்பிள்ளைகளில் ஒருவர் கதைக்கணக்கில் பூஜ்ஜியம் வாங்கினால் அது கணக்கின் குறையா, 'ஆளுக்கு' என்ற சொல் புரியாததன் விளைவா என்பதை இந்த ஐந்து கேள்விகள் பிரித்துக் காட்டிவிடும்.

கேட்ட பிறகு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியபோதே பிள்ளைகளின் விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். நேர்காணலில் மனத்துக்குள் பத்து வரை எண்ணுவது என் பழக்கம். ஒரு குழந்தைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாளில் மூன்று பேருக்கு மேலும் வேண்டாம். அன்று மாலையே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் குழந்தை சொன்னதற்குப் பதில் நாம் நினைத்ததை எழுதிவிடுவோம்.

ஆறாம் படி: மாற்றிப் பார்ப்பது, ஒப்பிடுவது

பிழையின் காரணம் பிடிபட்டபின், ஒரு கற்பித்தல் வழியை மாற்றி, பலன் இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த கட்டம். தொடக்கநிலை எண்ணறிவு எங்கே இருக்கிறது என்று வேகமாக அறிய, பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் என்ற கற்றல்நிலைக் கணக்கெடுப்பின் கருவி போதுமானது: ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கும் கழித்தல், மூவிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல் என்று படிப்படியாக ஏறுவது அது. உங்கள் கேள்விக்கு உரிய நுட்பமான வினாத்தாளை நீங்களே செய்துகொள்ள வேண்டும். அதை முதலில் வேறு வகுப்பில் ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். எந்த வினாவின் தமிழ் குழப்புகிறது என்று அவர்கள் காட்டிவிடுவார்கள்.

ஒப்பிட ஒரு வகுப்பு இல்லாமல் ஆய்வைத் தொடங்காதீர்கள். என் முதல் முயற்சியில், தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை மட்டும் பொறுக்கி, ஆறு வாரம் தனி வகுப்பு எடுத்து, மறுதேர்வு வைத்தேன். ஏறக்குறைய எல்லாரும் உயர்ந்திருந்தார்கள். மகிழ்ச்சியாக எழுதி அனுப்பினேன். மூத்தவர் ஒருவர் படித்துவிட்டு, "தனி வகுப்பு இல்லாதவங்களும் உயர்ந்திருப்பாங்களா, பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. மிகக் குறைவாக வாங்கியவர்களில் சிலர் அன்று காய்ச்சலோடு எழுதியிருப்பார்கள், சிலர் பின்பக்கத்தைத் திருப்பாமல் விட்டிருப்பார்கள். அடுத்த முறை எதுவும் செய்யாமலே அவர்கள் சராசரியை நோக்கி ஏறுவார்கள். ஆங்கிலேய அறிஞர் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை வைத்து விளக்கிய இந்தப் பின்னோக்கிய நகர்வு, கடைநிலை மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் ஒவ்வொரு பள்ளி ஆய்விலும் ஒளிந்திருக்கிறது. ஆகவே பட்டியலின் கடைசி இருபது பேரில், சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேருக்கு இப்போதும், மற்றப் பத்துப் பேருக்கு ஒப்பீடு முடிந்தபிறகும் தனி வகுப்பு எடுங்கள். யாருக்கும் இழப்பு இல்லை, ஆய்வும் தெளிவாகும்.

எதை மாற்றிப் பார்க்கலாம் என்பவர்களுக்கு, செலவில்லாத ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். வீட்டுப்பாடத்தில் ஒரே வகைக் கணக்கைப் பத்து கொடுப்பதற்குப் பதிலாக, பல வாரத்துப் பாடங்களைக் கலந்து கொடுப்பது. டக் ரோரரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு 54 பிரிவுகளில், 787 மாணவர்களிடம் இதைச் சீட்டுக் குலுக்கும் முறையில் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி வைத்த தேர்வில், கலந்து பயின்றவர்கள் 61 விழுக்காடும், வகைவகையாகப் பயின்றவர்கள் 38 விழுக்காடும் எடுத்தார்கள். வகைவகையாகச் செய்யும்போது, எந்த முறையைப் பயன்படுத்துவது என்று குழந்தை யோசிக்கவே தேவையில்லை. அத்தியாயத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. கலந்து கொடுத்தால் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நம் வகுப்புகளில் இது எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பிரிவுகளில் ஒரு பருவம் பார்க்கலாம். தொடக்கத்தில் கலந்து பயிலும் பிரிவில் தவறு அதிகம் வரும், பெற்றோர் கவலைப்படுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். தை முதல் பங்குனி வரை மஞ்சள் வெட்டி வேகவைக்கும் காலத்தில் சில வீடுகளின் பிள்ளைகள் வரவு குறையும். பண்ணாரி மாரியம்மன் கோயில் குண்டம் திருவிழாச் சமயத்தில் சத்தியமங்கலம் பக்கம் பெஞ்சுகள் காலியாக இருக்கும். இறுதித் தேர்வை அந்த வாரத்தில் வைத்தால், வந்தவர்கள் மட்டும்தான் உங்கள் முடிவில் இருப்பார்கள். ஆடி முதல் ஐப்பசி வரை வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

ஏழாம் படி: எண்ணுவதும் எழுதுவதும்

பத்துப் பேர் கொண்ட குழுவில் ஆறு பேரைப் '60 விழுக்காடு' என்று எழுத வேண்டாம். பத்தில் ஆறு என்று எழுதுங்கள். ஒரு குழந்தை மாறினாலே பத்து விழுக்காடு நகரும் இடத்தில் விழுக்காடு பெரிய ஆய்வின் தோற்றத்தைத் தந்துவிடும். சராசரியோடு நிற்காமல், ஒவ்வொரு குழந்தையின் முன், பின் மதிப்பெண்ணையும் ஒரு அட்டவணையில் காட்டுங்கள். யார் இறங்கினார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். இறங்கியவர்களிடம் இன்னொரு முறை பேசினால், உங்கள் முறையின் பலவீனம் அங்கே தெரியும். குழந்தையின் சொற்களை அவர்கள் பேசியபடியே தாருங்கள். 'கழிக்கோணும்' என்பதைக் 'கழிக்க வேண்டும்' என்று திருத்தினால் அந்தக் குழந்தை போய்விடுகிறது.

எழுதியதைக் காட்ட இடங்கள் இருக்கின்றன. ஈரோடு மாவட்டத்தாருக்குப் பெருந்துறையில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் அருகில் இருக்கிறது. மற்ற மாவட்டத்தாரும் தங்கள் நிறுவனத்தை அணுகலாம். சென்னையில் 1965-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் மாநாடும் இதழும் நடத்துகிறது. மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் கணிதக் கல்வி ஆய்வுக்கு நாட்டின் முதன்மையான இடங்களில் ஒன்று. ஊருக்குள்ளேயே காட்ட விரும்பினால், ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் பிறந்த நாளான டிசம்பர் 22 பொருத்தமானது. அன்று கண்காட்சி பார்க்கப் பெற்றோர் பள்ளிக்கு வருகிறார்கள். மாதிரிகளோடு ஒரு மூலையில், பெயரில்லாமல், பிள்ளைகளின் பிழைகளையும் அவற்றுக்கு அவர்கள் சொன்ன காரணங்களையும் எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்டிய ஆண்டில் பலர் நின்று படித்தார்கள். தன் மகனை இனிக் கணக்குக்காக அடிப்பதில்லை என்று ஒரு தந்தை என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பிழை நோட்டை ஆண்டு முடிவில் அலமாரியில் பூட்டாதீர்கள். குறியீடுகளுக்கு உரிய பெயர்ப்பட்டியலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, நோட்டை மட்டும் அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். அதன் முதல் பக்கத்தில், இந்த வகுப்பில் எத்தனை பேர் ஒவ்வொரு இலக்கமாகப் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தார்கள், எந்த மாதத்தில் அது நின்றது, எத்தனை பேரிடம் இன்னும் நிற்கவில்லை என்று மூன்று வரி எழுதிவையுங்கள். ஜூன் மாதத்தில் அவர் முதலில் திருப்பிப் பார்க்கும் பக்கம் அதுவாக இருக்கட்டும்.